முதல் வீட்டுக்குப் பத்திரச் செலவு பாதியா?

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். தருமபுரியில் ஒரு வங்கிக் கிளையில் வீட்டுக் கடன் பார்ப்பது என் வேலை. அவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த அம்மா பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். பாலக்கோட்டிலேயே 22 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு அமைந்திருக்கிறது. கடன் 18 லட்சம் கிடைக்கும், மீதி 4 லட்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு செலவு. பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், கிரகப்பிரவேசம் 60,000. அதற்கு மேலே "பத்திரம் 1,00,000" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

"பத்திரத்துக்கு எப்படிம்மா ஒரு லட்சம்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இது முதல் வீடுங்க சார். முதல் வீடு வாங்கறவங்களுக்குப் பத்திரச் செலவு பாதிதான்னு வீடியோல சொன்னாங்க. ரெண்டு லட்சத்துல பாதி ஒரு லட்சம்."

அவர் கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. நம்பிய செய்திதான் தப்பு. அந்த வீட்டுக்கு அவர்கள் கட்ட வேண்டியது 1,98,000 ரூபாய். நோட்டில் 98,000 துண்டு விழுந்தது. இதே பேச்சை இந்த வருடம் எத்தனையோ பேரிடம் பேசிவிட்டேன். அதனால்தான் ஆரம்பத்திலிருந்து எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த வீடியோ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. உலகில் சில இடங்களில் அப்படி ஒரு சலுகை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முதல் வீடு வாங்குபவர் 8 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வை, அதாவது சொத்துப் பத்திரத்தின் மேல் அரசு போடும் வரி, கட்ட வேண்டாம். 10 லட்சம் டாலர் வரை ஓரளவு தள்ளுபடி. இங்கிலாந்திலும் முதல் வீட்டுக்காரருக்குத் தனி வரம்பு உண்டு. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் சொல்வதும், அந்த ஊர்ச் செய்தியை யாரோ தமிழில் பேசிப் போடுவதும் நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது ஊர்ப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் "இது என் முதல் வீடு" என்பதற்காகப் பத்திரச் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. வேறு காரணங்களுக்காகக் குறையும். அந்தக் காரணங்கள் என்ன என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சந்தையில் மாடு வாங்கினால்

போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு மாடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை பேசி முடித்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். வெளியே போகும்போது சுங்கம் கட்டி ரசீது வாங்குவீர்கள். வழியில் யாராவது "இது யார் மாடு?" என்று மறித்தால் அந்த ரசீதுதான் பேசும். மாட்டுக்காரருக்குக் கொடுத்தது விலை. சந்தைக்குக் கட்டியது, இந்தக் கைமாற்றம் ஊரறிய நடந்தது என்பதற்கான கட்டணம்.

வீடும் மனையும் இப்படித்தான். விற்பவருக்குக் கொடுப்பது கிரயத் தொகை. அரசுக்குக் கட்டுவது, சொத்து ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறியதை அரசே எழுதிப் பாதுகாத்து வைப்பதற்கு. ஒரே ஒரு வித்தியாசம், மாட்டுக்கு ரசீது தொலைந்தாலும் மாடு உங்கள் கொட்டகையில் நிற்கும். வீட்டுக்கு அப்படி இல்லை. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள எந்த நிலம், வீட்டின் விற்பனையும் பதிவு செய்தால்தான் செல்லும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அன்றைக்கு வைத்த 100 ரூபாய் வரம்பு இன்றும் அப்படியே இருப்பதால், நடைமுறையில் எல்லாச் சொத்துக்கும் பதிவு கட்டாயம்.

இந்தச் செலவு யார் தலையில்? வேறுவிதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் வாங்குபவர் தலையில்தான். ஊர் வழக்கமும் அதுதான், சட்டமும் அதுதான்.

ஒன்பதுக்குள் மூன்று

நாம் மொத்தமாகப் "பத்திரச் செலவு" என்று சொல்வதற்குள் மூன்று தனித்தனிப் பணம் இருக்கிறது.

முதலாவது முத்திரைத் தீர்வை. சொத்தை மாற்றும் ஆவணத்தின் மேல் மாநில அரசு போடும் வரி இது, 5 சதவீதம். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டாவது, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சொத்து மாற்றக் கூடுதல் தீர்வை, 2 சதவீதம். இது உங்கள் சொத்து இருக்கும் ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ சேர வேண்டிய பங்கு. மூன்றாவது பதிவுக் கட்டணம், 2 சதவீதம். ஆவணத்தைச் சரிபார்த்து, கைரேகை எடுத்து, பதிவேட்டில் ஏற்றும் வேலைக்குச் சார்பதிவாளர் அலுவலகம் வாங்குவது இது. ஐந்தும் இரண்டும் இரண்டும் சேர்ந்து ஒன்பது.

இதை மூன்றாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. "ஒரு சதவீதம் குறைத்துவிட்டார்கள்" என்று செய்தி வந்தால், இந்த மூன்றில் எதில் குறைத்தார்கள் என்று உடனே கேட்கத் தோன்றும்.

வீட்டில் நாலு பேர் நாலு கணக்குச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மாமா "எட்டு சதவீதம்தான்" என்பார். அவர் 2017க்கு முன்னால் வாங்கியவர், அப்போது பதிவுக் கட்டணம் 1 சதவீதம். அண்ணன் "பதினொன்று" என்று அடித்துச் சொல்வார். 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பை (ஒவ்வொரு இடத்துக்கும் அரசு எழுதி வைத்திருக்கும் மதிப்பு) 33 சதவீதம் குறைத்து, அதற்கு ஈடாகப் பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். அவர் அந்தக் காலத்தில் வாங்கியவர். 2023 ஏப்ரலில் கட்டணம் 2க்கு இறங்கி, வழிகாட்டி மதிப்பு மேலே ஏறியது. மாமாவும் சரி, அண்ணனும் சரி, அவரவர் வாங்கிய வருடத்தைச் சொல்கிறார்கள்.

எல்லை தாண்டினால் கணக்கே மாறும். முத்திரைத் தீர்வையின் விகிதத்தை அந்தந்த மாநிலம்தான் முடிவு செய்கிறது. ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் போய்விட்டால் கர்நாடகச் சட்டம். அங்கே பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்து 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆகியிருக்கிறது. ஓசூரில் வேலை பார்ப்பவர்கள் பெங்களூர் நண்பர் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு இங்கே வருவதுண்டு. அது இங்கே பொருந்தாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விலை விற்பவருக்கு, பத்திரச் செலவு அரசுக்கு. அந்தச் செலவு மூன்று பங்காக, சாதாரணக் கிரயப் பத்திரத்துக்கு மொத்தம் 9 சதவீதம்.

எந்தத் தொகைக்கு ஒன்பது?

குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நான் பேசிய விலைக்கா, அரசு வைத்திருக்கும் மதிப்புக்கா?

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஸ்டேஜ் கணக்கில். இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜுக்கான டிக்கெட்தான் எடுக்க வேண்டும். "நான் பாதி தூரம்தான் வருகிறேன்" என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்க முடியாது. அதைத் தாண்டிப் போனால் அந்தத் தூரத்துக்கு உரியதைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஸ்டேஜ் கட்டணம் மாதிரி, ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அரசு ஒரு மதிப்பை எழுதி வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் வழிகாட்டி மதிப்பு. மனையாக இருந்தால் சதுர அடிக்கு இவ்வளவு, விவசாய நிலமாக இருந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று இருக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் தெருப் பெயரையோ சர்வே எண்ணையோ போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தரகர் சொல்வதையோ பக்கத்து மனைக்காரர் சொல்வதையோ வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே நகரில் பிரதான சாலைக்கு ஒரு மதிப்பும் குறுக்குத் தெருவுக்கு வேறொன்றும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய பத்திரத்தில் இருக்கும் மதிப்பும் உதவாது.

இனி ஒரு கணக்கு. 1200 சதுர அடி மனை. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 400 ரூபாய் என்றால் 4,80,000. நீங்கள் பேசிய விலை 9,00,000. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. ஆக 9 லட்சத்துக்கு 9 சதவீதம், 81,000 ரூபாய். "அரசு மதிப்பு 4,80,000தானே, அதற்கு மட்டும் கட்டினால் போதும்" என்று சொல்பவர்கள் அதிகம். அது பேசிய விலையை மறைத்து எழுதுவதைத்தான் குறிக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு.

தலைகீழாகவும் நடக்கும். வழிகாட்டி மதிப்பு 12 லட்சம், அவசரத்துக்கு விற்பவர் உங்களுக்குக் கொடுப்பது 10 லட்சத்துக்கு. அப்போது 12 லட்சத்துக்குக் கட்ட வேண்டிவரும். இது நியாயமில்லை என்று தோன்றினால் உண்மையான விலையையே எழுதிப் பதிவுக்குக் கொடுக்கலாம். சார்பதிவாளர் அந்த ஆவணத்தை முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் மதிப்பை முடிவு செய்யும் அதிகாரிக்கு அனுப்புவார். அவர் விசாரித்து, இடத்தைப் பார்த்து மதிப்பை முடிவு செய்வார். வழிகாட்டி மதிப்பு என்பது பெயரில் உள்ளபடி வழிகாட்டிதான், இறுதித் தீர்ப்பு இல்லை. ஆனால் அந்த முடிவு வரும் வரை அசல் பத்திரம் கைக்கு வராது, வங்கிக் கடன் வாங்குபவருக்கு அது பெரிய சிக்கல். இன்னொன்றும் இருக்கிறது. வழிகாட்டி மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேலும் 50,000 ரூபாய்க்கு மேலும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தை வருமான வரித்துறை உங்கள் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும்.

வீடு கட்டிய மனை என்றால் மனை மதிப்போடு கட்டட மதிப்பும் சேரும். கட்டடத்தின் பரப்பு, வயது, எப்படிக் கட்டியது என்பதையெல்லாம் பார்த்துப் போடுவார்கள். மனையைக் காலி மனை என்று எழுதிவிட்டு அதில் நிற்கும் வீட்டை மறைப்பது முன்பு நடந்தது. இப்போது சொத்தின் புகைப்படத்தை இடக்குறியீட்டோடு சேர்த்து இணைக்கச் சொல்கிறார்கள்.

நம் மாவட்டங்களில் பெரும்பாலானவர்கள் மனை வாங்கி, கொத்தனாரை வைத்துத் தாங்களே வீடு கட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: தீர்வை மனைக்கு மட்டும்தான். உங்கள் மனையில் நீங்கள் கட்டும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, ஏனென்றால் அது யாரிடமிருந்தும் கைமாறவில்லை. "முதல் வீடு" சலுகை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதைவிட இது பெரிய மிச்சம். இதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

குறைத்து எழுதினால் மிச்சமாகுமா?

பத்திரம் எழுதுமிடத்தில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "30 லட்சத்துக்குப் பேசியிருக்கிறீர்கள், வழிகாட்டி 20தான் வருகிறது, 20 என்றே எழுதிவிடலாமா?" 10 லட்சத்துக்கு 9 சதவீதம், 90,000 ரூபாய் மிச்சம். வீடு வாங்கும் நேரத்தில் 90,000 பெரிய பணம். யாருக்கும் ஆசை வரும்.

இதை நான் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கணக்காகவே பார்ப்போம்.

ஐந்தாறு வருடம் கழித்து அந்த வீட்டை 45 லட்சத்துக்கு விற்கிறீர்கள். விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் வருவது மூலதன ஆதாயம். அதற்கு 12.5 சதவீத வரி. உண்மையை எழுதியிருந்தால் ஆதாயம் 15 லட்சம். 20 என்று எழுதியிருப்பதால் காகிதத்தில் ஆதாயம் 25 லட்சம். கூடுதலாகக் காட்டப்படும் 10 லட்சத்துக்கு 1,25,000 ரூபாய் வரி, அதன் மேல் கூடுதல் செஸ். இன்றைக்கு மிச்சம் பிடித்த 90,000ஐ அன்றைக்கு அதைவிட அதிகமாகத் திருப்பிக் கட்டுகிறீர்கள்.

அது போகட்டும், பிறகு வரும் செலவு. இன்றைக்கே வரும் சிக்கல் வேறு. எழுதிய தொகையை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். 30 லட்சத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடன் 20 லட்சத்துக்குச் சுருங்கும். மறைத்த 10 லட்சத்தை ரொக்கமாகப் புரட்ட வேண்டும், அதுவும் வட்டிக்கு. சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாளைக்கு மூலப் பத்திரத்தில் வில்லங்கம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால், பத்திரத்தில் இருக்கும் 20 லட்சத்துக்குத்தான் உங்களிடம் ஆதாரம். பாக்கி 10 லட்சத்துக்கு எங்கே போய் நிற்பது?

நிஜமாகவே இருக்கும் சலுகைகள்

சரி, தமிழ்நாட்டில் எப்போதுதான் குறையும்? முக்கியமாக மூன்று இடங்களில்.

ஒன்று, பெண் பெயரில் வாங்குவது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மூன்று பங்கில் மூன்றாவதில் மட்டும் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன 9 லட்சம் மனையை மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ வாங்கினால் 81,000க்குப் பதில் 72,000. 9,000 மிச்சம். நம் ஊர்ப் பக்கம் 10 லட்சத்துக்குள் மனை இன்னும் கிடைப்பதால் இது நிறையப் பேருக்கு உதவும். 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் சலுகை முழுவதும் போய்விடும், முழுத் தொகைக்கும் 2 சதவீதம்தான். பணத்தைவிட, வீட்டுப் பெண்ணின் பெயரில் ஒரு சொத்து இருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடன் கேட்டு வரும் எத்தனையோ பெண்களுக்கு, சொந்தப் பெயரில் ஒரு துண்டு நிலம்கூட இல்லாததால்தான் கதவு அடைபடுகிறது.

இரண்டாவது, குடும்பத்துக்குள் மாற்றுவது. அப்பா தன் வீட்டை மகனுக்கோ மகளுக்கோ, கணவன் மனைவிக்கோ கொடுப்பது விற்பனை இல்லை. அதற்குத் தான செட்டில்மெண்ட் என்று தனி ஆவணம் இருக்கிறது. பணம் வாங்காமல், குடும்ப உறுப்பினருக்கு அன்பின் பேரில் சொத்தை எழுதிக் கொடுப்பது. இதற்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 10,000க்கு மேல் போகாது. 2023 ஜூலை 10 முதல் இந்த உச்சவரம்பு. 60 லட்சம் மதிப்புள்ள வீடாக இருந்தாலும் செலவு 50,000தான். அதே வீட்டைக் கிரயமாக எழுதினால் 5,40,000.

எத்தனை குடும்பங்களில் தெரியாமல் அப்பாவிடமிருந்து மகன் கிரயம் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. அதே நேரம் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செட்டில்மெண்ட் எழுதி மகன் ஏற்றுக்கொண்டுவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதும்போதே, தங்கள் ஆயுள் காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மகன் மனசு நோகும் என்று தயங்க வேண்டாம், நல்ல மகன் அதைக் கேட்டு நோகமாட்டான்.

மூன்றாவதுதான் அந்த வீடியோக் குழப்பத்துக்கு உள்ளூர்க் காரணம் என்று நினைக்கிறேன். 2023 டிசம்பர் 1 முதல், கட்டுநர் புதிதாகக் கட்டி விற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்குத் தீர்வையைக் குறைத்திருக்கிறார்கள். முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 50 லட்சம் வரை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் வழக்கமான 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 தனி. ஓசூரில் கட்டுநரிடமிருந்து 40 லட்சத்துக்கு ஒரு புதிய பிளாட் வாங்கினால் 6 சதவீதம், 2,40,000 ரூபாய். அதே பிளாட்டை அவரிடம் வாங்கியவரிடமிருந்து நீங்கள் அதே 40 லட்சத்துக்கு வாங்கினால் 9 சதவீதம், 3,60,000.

"முதல்" என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது பாருங்கள். அந்தப் பிளாட்டுக்கு அது முதல் விற்பனை. வாங்குபவருக்கு முதல் வீடா, ஐந்தாவது வீடா என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே நாலு வீடு வைத்திருப்பவருக்கும் 6 சதவீதம்தான். முதல்முறை வாங்கும் நீங்கள் பழைய பிளாட் வாங்கினால் 9தான். "முதல் விற்பனைக்குச் சலுகை" என்ற செய்தி நாலு பேர் வாய் மாறி "முதல் வீட்டுக்குச் சலுகை" ஆகிவிட்டது. கட்டிக்கொண்டிருக்கும் பிளாட் என்றால் இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. கட்டி முடித்துச் சான்று வாங்கிய பிளாட்டுக்கு அது இல்லை.

சுருக்கமாக: யார் பெயரில், என்ன ஆவணம், எந்த வகைச் சொத்து, எவ்வளவு மதிப்பு. தமிழ்நாட்டில் சலுகை இந்த நான்கைப் பார்த்துத்தான். முதல் வீடா என்பது அதில் இல்லை.

முதல் வீடு என்றால் வேறு எங்கே உதவி?

வீடே இல்லாதவருக்கு உதவி இருக்கிறது. அது வரும் வாசல் வேறு. பத்திரச் செலவில் கழியாது, கடனிலோ வருமான வரியிலோ வரும். இதைக் கலந்துவிட்டால்தான் நோட்டில் துண்டு விழுகிறது.

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கேயும் குடும்பத்துக்குச் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், 12 வருடக் கணக்கில். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். கையில் கொடுக்கமாட்டார்கள். கிராமத்தில் வீடு கட்டுபவர்களுக்கு, மாநில அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வரை உதவி. அதுவும் கட்டுவதற்குத்தான், பத்திரத்துக்கு இல்லை.

வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் 1.50 லட்சம் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம், பணம் கட்டிய அதே நிதியாண்டில் மட்டும். பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் அதே வரம்புக்குள்தான். புதிய முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

ஒன்பதுக்குக் கடன் கிடைக்காது

கடைசியாக, என் மேசையில் தினமும் பார்க்கும் விஷயம். பத்திரச் செலவை வங்கி பெரும்பாலும் கடனில் சேர்க்காது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் என்றால், 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு விலையில் 90 சதவீதம் வரை தரலாம். பாக்கி 10 சதவீதமும் பத்திரச் செலவு 9 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. ஆக, விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சொந்தப் பணம் வேண்டும். வங்கிக்கு அடமானமாகப் பத்திரத்தை ஒப்படைக்கும்போதும் ஒரு சிறிய தீர்வை உண்டு, பத்திரம் எழுதுபவர் கூலி உண்டு, வக்கீல் பார்வைக் கட்டணம் உண்டு. 9 என்று கணக்குப் போட்டால் 10 என்று எடுத்து வையுங்கள்.

இதைத் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பதிவு தேதி நெருங்கும்போது நகையை அடகு வைத்தும் மீட்டர் வட்டிக்கு வாங்கியும் ஓடுகிறார்கள். அந்தக் கடன் வீட்டுக் கடனைவிடப் பெரிதாக வளர்ந்து, முதல் தவணையே தடுமாறுவதைப் பார்க்கிறோம். விற்பனை ஒப்பந்தம் போடும்போதே பதிவுக்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ அவகாசம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவ்வளவு அவகாசம் கிடையாது. நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்தாக வேண்டும், தாண்டினால் அபராதம்.

பாலக்கோடு தம்பதிக்கு நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மேசை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நோட்டை வாங்கிக்கொண்டார். "1,00,000"ஐ அடித்துவிட்டு மேலே 1,98,000 என்று எழுதினார். வீடு 10 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர் பெயரில் வாங்கினாலும் கட்டணம் குறையாது. பழைய வீடு, பிளாட்டும் இல்லை. சொந்த வீடு வேறு எங்கும் இல்லாததாலும் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்ததாலும் வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். கிடைத்தால் கிட்டத்தட்ட பத்திரச் செலவு அளவுக்கு வரும், ஆனால் ஐந்து வருடத்தில், கடன் கணக்குக்கு.

விற்பவர் நல்ல மனிதர், பதிவுக்கு மூன்று மாதம் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் ஒரு சீட்டு முடிகிறதாம். அப்புறம் அந்த அம்மா நோட்டில் இன்னொரு வரிக்கு இறங்கினார். கிரகப்பிரவேசம் 60,000 என்று இருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: "பால் மட்டும் காய்ச்சணும்."